பார்டரோடு அளந்த ரிம்

விரலில் இன்னும் ரப்பர் வாசனை போகவில்லை. நேற்று சாயங்காலம் புது டயரை மாட்டும்போது ஒட்டிக்கொண்டது. சோப்பு போட்டேன், சீயக்காய் போட்டேன், எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தேன். இன்று மத்தியானம் தறியில் உட்காரப் போனபோது அம்மா என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். "இந்தக் கைய பட்டுல வெச்ச, அரக்குப் பார்டரு கறுப்புப் பார்டரு ஆயிடும். அங்க போய் உக்காரு" என்று துரத்திவிட்டாள். அதனால்தான் உனக்கு எழுத எனக்கு நேரம் கிடைத்தது.

சொல்ல அவ்வளவு இருக்கிறது. இன்று காலை உன் சைக்கிளில் நான் எங்கே போனேன் தெரியுமா? சொல்ல மாட்டேன். வரிசையாகத்தான் சொல்வேன். நீ இருந்திருந்தால் "க்ளைமாக்ஸ மொதல்ல சொல்லுடி, கதைய அப்பறம் கேக்கறேன்" என்று என் வாயைப் பிடுங்கியிருப்பாய். நாம் சேர்ந்து இருந்த நாளெல்லாம் நீதான் பேசினாய். இன்று ஒரு நாள் நான் பேசுகிறேன், குறுக்கே வராதே.

அந்த வீடியோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ அப்போது பிளஸ் ஒன். நான் பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவின் தறியில் கோர்வைக்கு உட்கார்ந்திருந்தேன். அப்பா சேலையின் உடலை நெய்ய, ஒரு பக்கத்துப் பார்டருக்கு நான் நூல் ஓட்டும் நாடாக் கட்டையை விட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேராக எங்கள் வீட்டுக்கு வந்து தறிப்பள்ளத்துப் பக்கத்தில் சம்மணம் போட்டுக்கொள்வாய். "இந்தப் பொண்ணு வந்துட்டா ரேடியோ தேவையில்லமா" என்பார் அப்பா. அன்றைக்கு நீ உன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாய். வளைந்த ஹேண்டில்பார் வைத்த சைக்கிள்களில் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் கல்லும் புழுதியுமான பாதையில் பறந்துகொண்டிருந்தார்கள்.

"கிராவல் ரைடிங்காம். பாத்தியா இந்த அநியாயத்த? நம்ம ஆத்தோரம் ஃபுல்லா கிராவல்தான் கெடக்குது. நாம போனா ரோடு போடலன்னு திட்டறோம். இவங்க போனா ஸ்போர்ட்ஸு!"

அப்பா நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நீ அதற்குள் திட்டமே போட்டுவிட்டாய். ஓரிக்கையில் பாலாற்று ஓரமாக இறங்க வேண்டும். லாரி போய்ப் போய் உண்டான கல்லுப் பாதையிலேயே, தார் ரோட்டைத் தொடாமல், திருமுக்கூடல் வரைக்கும் போக வேண்டும். "மூணு ஆறு வந்து சேர்ற எடம்டி. நாலாவதா நாம போய் சேரணும்."

உன் அண்ணன் துபாய்க்குப் போகும்போது விட்டுப்போன சைக்கிள் உனக்கு. பள்ளிக்கூடத்தில் உனக்குக் கொடுத்த சைக்கிள் எனக்கு. அண்ணன் சைக்கிளின் டயர் ஒல்லி. முதல் நாளே மணலில் கத்தி மாதிரி இறங்கி நின்றுவிட்டது. "குண்டு டயர் போடணும்" என்றாய். எந்த ரிம்முக்கு எந்த அகலத்து டயர் என்று ஒரு அட்டவணையைப் போனில் தேடி எடுத்தாய். ரிம் அகலம் ஒரு பக்கம், டயர் அகலம் ஒரு பக்கம். அவ்வளவுதான் அதில் இருந்தது.

உங்கள் கடை டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாய். பெரிய காஞ்சிபுரத்துக் கடையில் நெசவுக்காரர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு சேலையையும் உன் அப்பா ஒரு முனை, நீ ஒரு முனை பிடித்து அளப்பீர்கள். இந்தப் பார்டரின் ஓரத்திலிருந்து அந்தப் பார்டரின் ஓரம் வரை. எங்கள் வீட்டிலும் அதுதான் அகலம். டயரைக் கழற்றினோம், நான் ஒரு முனையைப் பிடித்தேன், நீ ரிம்மை இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை அளந்தாய். இருபத்தொரு மில்லிமீட்டர். அட்டவணையில் இருபத்தொன்றுக்கு நேராக நாற்பத்தைந்து டயர் தாராளமாகப் போடலாம் என்று இருந்தது. பெருநாள் காசில் இரண்டு டயர் வரவழைத்தாய்.

மாட்டியதும் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. அடியில் குறுகி மேலே பெருத்து, குண்டு பல்பைக் கவிழ்த்து வைத்தது போல. நான் சொன்னேன். நீ கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்து, "மெத்தைடி, மெத்தை!" என்றாய். தெருமுனை டீக்கடைக்காரர் விடவில்லை. "இன்னாமா இது, ஒல்லி மாப்பிள்ளைக்குக் குண்டுப் பொண்ணா கட்டி வெச்சிருக்கீங்க?" நீ திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்: "உங்க வீட்லயும் அதான நடந்துக்குது அண்ணா, நாங்க எதுனா கேட்டமா?" கடை முழுக்கச் சிரித்தது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஓரிக்கை தாண்டி, பாதை ஆற்றுப் பக்கமாக ஒடிந்து திரும்பும் இடம் ஞாபகம் இருக்கிறதா? எப்படி மறப்பாய். கல் மேல் மெத்தையாகப் போக வேண்டும் என்று காற்றைக் குறைத்து வைத்திருந்தாய். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். நீ திருப்பத்தில் சாய்ந்தாய். முன் டயர் ஒரு பக்கமாகப் பிதுங்கியது. ரிம்மை விட்டுக் கழன்று வந்தது. அப்புறம் 'டப்' என்று டியூப் வெடித்தது, அதற்குள் நீ கருவேலம் புதருக்குள் இருந்தாய். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தால் துப்பட்டா முழுக்க முள்ளோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். "பாத்தியா, வாழப்பழத் தோலு மாதிரி உரிஞ்சி வந்துச்சி!"

ஒவ்வொரு முள்ளாக நான் எடுக்க எடுக்க நீ பேசிக்கொண்டே இருந்தாய். "ஐடியா கரெக்டுதான்டி. எங்கயோ ஒரு எடத்துல தப்பு பண்ணிட்டோம். எங்கன்னு கண்டுபுடிச்சிட்டா திருமுக்கூடல்தான்."

நாம் கண்டுபிடிக்கும் முன்னால் மழைக்காலம் வந்துவிட்டது. உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்கள் உன்னைப் பெற்ற அம்மியிடம் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை, சைக்கிளைப் பற்றித்தான் கேட்டார்கள். பொம்பளைப் பிள்ளை ஆற்றங்கரையில் போய் விழுந்தாளாமே, அதில் உள்ளே ஏதாவது அடிபட்டிருக்கும் என்றார்கள். விழுந்ததற்கும் காய்ச்சலுக்கும் நடுவில் எத்தனையோ வாரம். டாக்டரும் சொல்லியிருந்தார். இருந்தும் அம்மி மனதில் அது தைத்துவிட்டது. அண்ணன் துபாயிலிருந்து, "அத பழைய இரும்புக்குப் போட்ருங்க" என்று சொன்னாராம். அது காதில் விழுந்ததும் நான் எழுந்து நின்றேன். அவ்வளவு பேர் நடுவில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "அம்மி, எனக்குத் தருவீங்களா?"

அம்மி என்னையும் தன் மகளாக நினைத்து 'பேட்டி' என்றுதான் கூப்பிடுவார், உனக்குத் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எடுத்துக்கோ பேட்டி. ஆனா கல்லு மேல ஓட்டக் கூடாது. அவ பண்ண தப்ப நீயும் பண்ணாத."

அவள் பண்ணிய தப்பு. அந்த வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து தறிக்குப் பின்னால் நிறுத்தினேன். கிழிந்த டியூபை மட்டும் மாற்றினேன். நாடா விட்டு நிமிரும்போதெல்லாம் அந்தக் குண்டு பல்பு டயர் கண்ணில் படும். எங்கே தப்பு என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண்டுபிடித்துவிட்டால் அம்மியிடம் போய்ச் சொல்லலாம். கண்டுபிடிக்காவிட்டால் ஊர் சொன்னதுதான் நிற்கும்.

இப்போது கேள், இதுதான் நல்ல இடம்!

போன மாதம் அப்பா ஒரு புதுச் சேலைக்குப் பண்ணை செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. பாவு இழையெல்லாம் நுழைந்து வருமே, அந்தச் சீப்புதான். உடலுக்குத் தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "பார்டர உட்டுட்டு உடல் மட்டும் எவ்ளோன்னு அளந்து சொல்லுமா" என்றார். தறியிலிருந்த சேலையை அளக்க டேப்பை எடுத்தேன். இந்தப் பார்டர் முடிகிற கோட்டிலிருந்து அந்தப் பார்டர் தொடங்குகிற கோடு வரைக்கும் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

டயர் ரிம்மின் மேலேயா உட்காருகிறது? உள்ளே அல்லவா உட்காருகிறது! இரண்டு பக்கத்துச் சுவருக்கும் நடுவில்!

எழுந்து ஓடினேன். மடியிலிருந்த நாடா தரையில் விழுந்து உருண்டது. அம்மா அடுப்படியிலிருந்து, "எங்கடி ஓடற, பாவு அறுந்துட்சா?" என்று கத்தினாள்.

"இல்லமா, பார்டரு!"

"ஐயோ, பார்டரு அறுந்துட்சா?"

கரண்டிக் காம்பை விட்டு நெம்பி டயரைக் கழற்றினேன். பள்ளிக்கூடத்துப் பையில் கிடந்த ஸ்கேலை எடுத்து ரிம்மின் உள்பக்கம் வைத்தேன். சுவர் இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் மட்டும். பதினைந்து. வெறும் பதினைந்து! நாம் அளந்த இருபத்தொன்றில் ஆறு மில்லிமீட்டர் சுவர். போனில் அதே அட்டவணையைத் தேடி எடுத்தேன். பதினைந்துக்கு நேராக முப்பத்திரண்டோடு டயர் முடிந்துவிட்டது. நாம் போட்டது நாற்பத்தைந்து.

நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். டயருக்கு இரண்டு கால் என்று வைத்துக்கொள். ரிம் குறுகலாக இருந்தால் இரண்டு காலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், வயிறு மட்டும் பெருக்கும். நேராகப் போகிற வரைக்கும் தெரியாது. திருப்பத்தில் சாய்ந்தால் வயிறு ஒரு பக்கம் தள்ளும், காற்றும் குறைவாக இருந்தால் கால் வழுக்கிவிடும். காலை அகட்டி வைத்து நிற்கிற ஆளை அப்படித் தள்ள முடியாது. அதற்கு ரிம் அகலமாக இருக்க வேண்டும். உள்ளே அகலமாக. நீ சொன்ன குண்டு டயர் சரி, குறைந்த காற்றும் சரி, கல்லுப் பாதையும் சரி. டேப்பை வைத்த இடம்தான் தப்பு.

மறுநாள் சைக்கிள் கடை பாயிடம் போனேன். நானாகத்தான் போனேன், தனியாக. வாசலில் நின்று சொல்ல வேண்டியதை மனதுக்குள் பாடம் பண்ணிக்கொண்டிருந்தபோதே அவர் கூப்பிட்டுவிட்டார்.

"என்னமா, பஞ்சரா?"

"இல்ல பாய். ரிம்மு மாத்தணும். உள்ள இருபத்தி மூணு மில்லிமீட்டர் இருக்கணும்."

"சுத்தளவு ஒத்துனா போதும்மா. அகலத்த எல்லாம் யாரு பாக்கறா?"

"நாங்க பாக்காமதான் பாய் முள்ளுல விழுந்தோம்."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நீ பேசியது போலவே இருந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்புறம் சென்னைக்குப் போன் போட்டார். இரண்டு ரிம் வர ரொம்ப நாள் ஆனது. கோர்வைக்கு அப்பா எனக்கென்று எடுத்து வைத்திருந்த காசு அதற்குப் போனது. பழைய கம்பிகள் நீளம் சேரவில்லை என்று பாய் புதுக் கம்பி கோத்து, கோட்டம் எடுத்துக் கொடுத்தார். பிரேக் கட்டைகளைத் தள்ளி வைத்து, "இவ்ளோ அகலமா! இதுல தோசையே ஊத்தலாம்மா" என்றார்.

உன் டயர் இரண்டையும் அதில் மாட்டினேன். முன் டயர் அழகாக உட்கார்ந்தது. பல்பு இல்லை, உருண்டையான தோள். பின் டயரை மாட்டிச் சுற்றினால் சர்... சர்... என்று சத்தம். சட்டத்தில் உரசுகிறது. முன்பு அதே டயர் அதே இடத்தில் உரசாமல் ஓடியதே என்று குழம்பிப்போனேன். அப்புறம்தான் உறைத்தது. காலை அகட்டி வைத்தால் வயிறும் அகலும். டயர் மேல் அச்சடித்த எண்ணை நம்பக் கூடாது, அது எந்த ரிம்மில் உட்காருகிறதோ அதுதான் அதன் அகலத்தைச் சொல்லும். முன்னால் கவட்டையில் இடம் நிறைய இருந்தது, பின்னால் இல்லை. உன் டயரைக் கழற்ற மனசே வரவில்லை. ஆனாலும் கழற்றினேன். பின்சக்கரத்துக்கு மட்டும் நாற்பதில் ஒன்று வரவழைத்தேன். அதுதான் நேற்று வந்தது. அந்த வாசனைதான் இது. மாட்டிவிட்டுச் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். போனது!

அப்படியே தள்ளிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மி வாசலில் சைக்கிளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டிலில் கடையிலிருந்து வந்த சேலை ஒன்று இருந்தது. நான் எதுவும் பேசாமல் அதைப் பிரித்து ஒரு பார்டரைப் பிடித்துக்கொண்டேன். அம்மி தன்னை அறியாமல் மறு பார்டரைப் பிடித்தார். எத்தனை வருஷப் பழக்கம். டேப்பும் பக்கத்திலேயே இருந்தது.

"அகலம் எவ்ளோ அம்மி?"

"நாப்பத்தெட்டு இஞ்சு. எதுக்கு?"

"உடல் மட்டும்?"

அம்மி டேப்பை உள்ளே நகர்த்தினார். "முப்பத்தெட்டு. என்ன வேணும் உனக்கு?"

சைக்கிளை உள்ளே கொண்டுவந்தேன். ரிம்மின் விளிம்பைத் தொட்டுக் காட்டினேன். "இது பார்டரு அம்மி. டயரு உடல்ல உக்காருது. அவ பார்டரோட அளந்துட்டா. நானும்தான் அந்த முனைய புடிச்சிக்கினு இருந்தேன்."

அம்மி ரிம்மைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். "பார்டரோடயா?"

"ஆமா அம்மி. ஆறு மில்லிமீட்டரு. இவ்ளோண்டு. அதுக்கு மேல அவ ஒண்ணுமே தப்பு பண்ணல. டயரு கழண்டுது, முள்ளு குத்துச்சி. அன்னிக்கு அவ சிரிச்சிக்கினேதான் ஊட்டுக்கு வந்தா. நான் கூடவே இருந்தேன் அம்மி."

அம்மியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அரே! சேலக் கடைக்காரன் பொண்ணு! ரிம்மையும் பார்டரோட அளந்துட்டாளா, பைத்தியக்காரி!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சேலையின் மறு முனை இன்னும் அவர் கையில் இருந்தது. நீ போன பிறகு அம்மி சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"கல்லு மேல போலாமா அம்மி?" என்றேன்.

"எங்க போவணும்?"

"திருமுக்கூடல்."

"நாளைக்குக் கடை லீவு. உங்கம்மாவக் கூட்டிக்கினு நான் பஸ்ல வரேன். நீ உன் கல்லு மேல வா, பாக்கறேன்."

ஆமாம்! அங்கேதான் போனேன்!

விடிந்தும் விடியாமல் ஓரிக்கையில் இறங்கினேன். காற்றை நீ வைத்த அளவுக்கே குறைத்து வைத்தேன். கல் வந்தது, டயர் அதை விழுங்கிவிட்டுப் போனது. மணல் வந்தது, மிதந்தது. கைக்கு அதிர்ச்சியே இல்லை. அந்தத் திருப்பம் தூரத்தில் தெரிந்தது. இறங்கித் தள்ளிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தோன்றியது. சாய்ந்தேன். முன் டயர் கல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பிதுங்கவில்லை, நெளியவில்லை. கருவேலம் புதர் என் முழங்கைப் பக்கமாகப் போய் மறைந்தது. நான் போட்ட கூச்சலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாமா, யாரு தொரத்தறாங்க?"

"யாரும் இல்லக்கா!" என்று கத்திக்கொண்டே போனேன். நான், முன்பின் தெரியாத ஒருவரிடம், கத்திக்கொண்டு!

வழி முழுக்கப் பறந்து போனேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு இடத்தில் மழை பாதையை அறுத்திருந்தது, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறினேன். கடைசியில் பழைய சீவரத்துப் பாலத்தில் மட்டும் தார் ரோடு. வேறு வழி இல்லை, அதைக் கணக்கில் சேர்க்காதே. பாலத்தைத் தாண்டி மூன்று ஆறும் சேரும் இடத்தில் போய் நின்றேன். ஒரு ஆற்றில்தான் தண்ணீர். மற்ற இரண்டும் மணலாக வந்து சேர்ந்திருந்தன. நீ இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாய்.

அம்மாவும் அம்மியும் இன்னும் வந்திருக்கவில்லை. நான் பஸ்ஸை முந்திவிட்டேன்! ரொம்ப நேரம் கழித்து இருவரும் டிபன் டப்பாவோடு மூச்சு வாங்க நடந்து வந்தார்கள். "அந்த டிரைவரு வாலாஜாபாத்துல டீ குடிக்க எறங்கனவன் வரவே இல்லடி" என்றாள் அம்மா, தோற்றதற்குக் காரணம் சொல்வது போல.

அம்மி என்னிடம் வரவில்லை. நேராகச் சைக்கிளிடம் போனார். குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார்.

"இது அவ வாங்கனதா?"

"ஆமா அம்மி. முன்னாடி அவளுது. பின்னாடி என்னுது."

அம்மி கட்டைவிரலால் அந்த டயரை அழுத்தினார். ஒரு முறை, இன்னொரு முறை. அன்றைக்கு நீ அப்படி அழுத்திப் பார்த்து என்ன சொன்னாய் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

"மெத்த மாதிரி இருக்குது பேட்டி" என்றார்.

வீட்டுக்கு வந்து சைக்கிளைத் துடைத்தேன். முன் டயரின் பள்ளத்தில் திருமுக்கூடல் மணல் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. அதை மட்டும் கழுவவில்லை. உங்கள் கடை டேப்பை அம்மி என்னிடமே கொடுத்துவிட்டார், இப்போது அது என் தறிப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. விரல் வாசனை நாளைக்குப் போய்விடும், நானும் கோர்வைக்கு உட்கார்ந்துவிடுவேன். ஆனால் திருமுக்கூடலைத் தாண்டி, செய்யாற்று ஓரமாகவும் ஒரு கல்லுப் பாதை போவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். எங்கே போகிறது என்று தெரியவில்லை. கிளம்புகிற அன்றைக்கு முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். 'மெத்தை' என்று சத்தமாகச் சொல்வேன். தெருவே திரும்பிப் பார்த்தாலும் சொல்வேன்.